ஹரிக்கேன் இழப்புகளைச் சொல்லும் எண்களை எவ்வளவு நம்பலாம்?

“ஒவ்வொரு ஹரிக்கேனுக்கும் இத்தனை பேர் பலி, இத்தனை கோடி டாலர் சேதம் என்கிறார்களே, அது சரியான கணக்குதானா?” என்று கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில், காற்று நின்ற பிறகு நடப்பதில் பெரும்பகுதி அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

2017 ஆகஸ்டில் ஹார்வி என்ற ஹரிக்கேன் வந்தபோது நான் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனில் இருந்தேன். எங்கள் தெருவில் காற்று பெரிதாக எதையும் செய்யவில்லை. மழைதான், நாள் கணக்கில் விடாமல் கொட்டியது. டெக்சாஸில் ஓரிடத்தில் 1,500 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. எங்கள் வீடு சற்று மேட்டில் இருந்ததால் தப்பித்தோம். எதிர்வீட்டில் இடுப்பளவு தண்ணீர்.

வடிந்ததும் உதவிக்குப் போனேன். சுவர் முழுக்க ஒரே மட்டத்தில் பழுப்பாக ஒரு கோடு. அங்கே உட்சுவர் எல்லாம் ஜிப்சம் பலகை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அது தண்ணீரை மேலே இழுத்துக்கொள்ளும். அதனால் கோட்டுக்கும் மேலே வரை அறுத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். பலகை, தரைவிரிப்பு, மெத்தை, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்கள் எல்லாம் தெருவோரத்தில் ஆள் உயரத்துக்குக் குவிந்தன.

எதிர்வீட்டுக்காரரிடம் வீட்டுக் காப்பீடு இருந்தது. ஆனால் அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. அதற்கென்று, பெரும்பாலும் 1968-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில், தனியாக எடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். ஹூஸ்டனில் மூழ்கிய வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. அவர் ஓய்வுக்காலச் சேமிப்பை உடைத்துத்தான் வீட்டைச் சரிசெய்தார். ஹார்வியின் சேதம் 12,500 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். அது யார் யார் கையிலிருந்து போனது என்று அந்த எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

டாலரை மட்டும் பார்த்தால் ஏழை நாடுகளின் அழிவு சிறியதாகத் தெரியும் என்பது இன்னொரு சிக்கல். அதே ஆண்டு செப்டம்பரில் மரியா ஹரிக்கேன் தாக்கிய டொமினிக்கா தீவில், இழப்பு அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

உயிர்க் கணக்குதான் என்னை அதிகம் உலுக்கியது. அந்த மரியாவில் போர்ட்டோ ரிக்கோவில் இறந்தவர்கள் 64 பேர் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018 ஆகஸ்டில் அதை 2,975 ஆக மாற்றினார்கள். புயல் வராமல் இருந்திருந்தால் அந்த மாதங்களில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டு, உண்மையில் இறந்தவர்களோடு ஒப்பிட்டது ஒரு பல்கலைக்கழக ஆய்வு. அப்போதுதான் மற்றவர்கள் கணக்கில் வந்தார்கள். தீவு முழுக்க மின்சாரம் திரும்ப ஏறக்குறைய 11 மாதம் ஆனது. டயாலிசிஸ், ஆக்சிஜன் கருவி, குளிரில் வைக்க வேண்டிய இன்சுலின் இதையெல்லாம் நம்பியிருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். முதியவர்களும் ஏழைகளும்தான் அதிகம் அடிபட்டார்கள்.

2024-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இன்னும் நீண்ட காலத்தைப் பார்த்தது. அமெரிக்காவைத் தாக்கும் ஒரு சராசரிப் புயலுக்கு அரசுக் கணக்கில் 24 சாவு. ஆனால் அடுத்த 15 ஆண்டுகளில் அதன் விளைவாகக் கூடுதலாக நிகழ்பவை 7,000 முதல் 11,000 வரை என்கிறது அந்த மதிப்பீடு. சேமிப்பு கரைவது, வேலை போவது, சிகிச்சை தள்ளிப்போவது, சொந்தபந்தம் சிதறுவது என்று பல காரணங்கள் இருக்கலாம் என்கிறார்கள். எதிர்வீட்டைப் பார்த்த எனக்கு இது மிகையாகத் தெரியவில்லை.

அதனால் முதல் வாரத்தில் வரும் எண்ணை முடிவான கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், நீங்கள் அமெரிக்காவில் இருப்பவர் என்றால் இன்றைக்கே பாலிசியை எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள். வெள்ளம் அதில் அடங்குமா? ஹரிக்கேன் சேதம் என்றால், காப்பீட்டுத் தொகையில் எத்தனை சதவீதம் வரை நீங்களே ஏற்க வேண்டும்? 4 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டுக்கு 5 சதவீதம் என்றால், முதல் 20,000 டாலர் உங்கள் பணம். கடல் தூரத்தில்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். 2024-இல் ஹெலீன் புயல் வட கரோலினாவின் மலையூர்களையே அடித்துக்கொண்டு போனது.