அமெரிக்கன் ஃபுட்பாலில் பேக்கப் (மாற்று) குவார்ட்டர்பேக் ஒருவருக்காக டிராஃப்ட் பிக்கை, அதாவது புது வீரரை எடுக்கும் வாய்ப்பைக் கொடுக்கலாமா? மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் ரசிகர்கள் இதற்கு ஏன் இவ்வளவு சண்டை போடுகிறார்கள்?

ஆறாவது சுற்று பிக் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். முதல் சுற்று பிக் என்றால் கொடுக்கவே கூடாது. குவார்ட்டர்பேக் அடிபட்ட நேரத்தில் வைக்கிங்ஸ் இந்த இரண்டையும் செய்திருக்கிறது, ஏழு வருட இடைவெளியில். இரண்டின்போதும் நான் மினியாபொலிஸுக்குப் பக்கத்தில்தான் குடியிருந்தேன். அதனால் இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவர்களுக்குச் சின்ன விளக்கம். கிரிக்கெட்டில் கேப்டனுக்கு அடிபட்டால் இன்னொருவர் வந்து சமாளித்துவிடுவார். இங்கே பந்தை நகர்த்தும் ஒவ்வொரு முயற்சியும் (அதற்கு 'பிளே' என்று பெயர்) கிட்டத்தட்ட எப்போதும் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கையில்தான் தொடங்கும். பயிற்சியிலும் பெரும்பாலான வாய்ப்பு முதல் ஆளுக்குத்தான். பேக்கப் பெரும்பாலும் ஓரமாக நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். டிராஃப்ட் என்பது ஒவ்வொரு ஏப்ரலிலும் கல்லூரி வீரர்களை 32 அணிகளும், மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு என்ற வரிசைப்படி, ஏழு சுற்றில் எடுத்துக்கொள்வது. முதல் சுற்றில் எடுத்த பையனை ஐந்து வருடம் வரை வைத்துக்கொள்ளலாம், அதுவும் பெரும்பாலும் அனுபவசாலிக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த சம்பளத்தில். ஒரு பிக்கைக் கொடுக்கிறோம் என்றால் அந்த வருடங்களைத்தான் கொடுக்கிறோம்.

2023 அக்டோபர் 29, கிரீன் பேயில் ஆட்டம். ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸுக்கு வலது குதிகால் தசைநார் அறுந்தது. வைக்கிங்ஸ் அப்போது நான்கு வெற்றி, நான்கு தோல்வி. டிரேடு செய்ய, அதாவது அணிகள் வீரர்களையும் பிக்குகளையும் மாற்றிக்கொள்ள, கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. ஆக, எங்கள் அலுவலகத்துக்குச் சண்டை போடக் கிடைத்தது ஒரு திங்கட்கிழமை மதியம்.

சாப்பாட்டு மேசையில் என்னோடு வேலை பார்க்கும் கோயம்புத்தூர் தம்பி ஆரம்பித்தார். "அண்ணா, இந்த வருஷம் பேசாம தோத்துட்டுப் போகட்டும். ஏப்ரல்ல மேல இருக்கற பிக் கிடைக்கும், நல்ல பையனா எடுத்துக்கலாம்." எதிரில் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர். 1970 முதல் 1977 வரை வைக்கிங்ஸ் நான்கு சூப்பர் பவுல்களில் (லீக்கின் இறுதிப் போட்டி) தோற்றதைச் சின்ன வயதிலேயே பார்த்தவர். அவருக்கு முகமே மாறிவிட்டது. நம் அணி தோற்க வேண்டும் என்று வாயால் சொல்லக்கூடாது, களத்தில் அடிவாங்கும் ஐம்பது பேருக்கும் அது துரோகம் என்றார். இன்னொருவர், ஐந்தாவது சுற்றில் எடுத்த புதுப்பையன் ஜாரன் ஹாலை ஆடவிட்டால் போதும் என்றார். நான் பெரியவர் பக்கம். ஆனால் ஒரு நிபந்தனை: கடைசி ஓரிரு சுற்று பிக்குக்கு மேல் பத்து காசுகூடக் கொடுக்கக்கூடாது.

மறுநாள் செய்தி வந்தது. அரிஸோனாவிடமிருந்து குவார்ட்டர்பேக் ஜோஷ் டாப்ஸ். நாம் கொடுத்தது 2024-இன் ஆறாவது சுற்று பிக். அவரோடு நிபந்தனையின் பேரில் ஏழாவது சுற்று பிக் ஒன்று திரும்ப வரும். விண்வெளிப் பொறியியல் படித்தவர். ஆகஸ்டில்தான் கிளீவ்லேண்டிலிருந்து அரிஸோனாவுக்கு டிரேடு ஆகியிருந்தார். அங்கே எட்டு ஆட்டம் ஆடி ஒன்றில்தான் வெற்றி. தம்பி அந்தக் கணக்கை என் மேசைக்கே கொண்டுவந்து காட்டினார்.

நவம்பர் 5, அட்லாண்டாவில் ஆட்டம். ஹால்தான் தொடங்கினார். முதல் கால்பகுதியிலேயே தலையில் அடிபட்டு வெளியே போனார். டாப்ஸ் அணிக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. வைக்கிங்ஸின் முக்கிய வீரர்களோடு பயிற்சியில் ஒரு பிளேகூட ஆடியதில்லை. பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரோடு களத்துக்கு வெளியே நின்று, பந்தை எப்போது கொடுப்பது என்ற சத்தக் குறிப்புகளைச் சரிபார்த்துவிட்டு உள்ளே போனார். ஆரம்பத்தில் பார்க்கவே முடியவில்லை. பந்தைத் தவறவிட்டார், எதிரணிக்கு ஒரு சேஃப்டியும் (இரண்டு புள்ளி) கொடுத்தார். நான் சோபாவிலிருந்து எழுந்து அடுப்படிக்கே போய்விட்டேன்.

ஆனால் அன்றைக்கு ஒரு விஷயம் நடந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பிளேயையும் தொடங்கக் கொடுக்கும் நேரத்தைக் காட்டும் கடிகாரத்தில் 15 வினாடி மிச்சம் இருக்கும்வரை பயிற்சியாளர் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் வழியாகப் பேசலாம், அப்புறம் துண்டிக்கப்படும். எங்கள் பயிற்சியாளர் கெவின் ஓ'கானல் அந்த நேரத்தை முழுசாகப் பயன்படுத்தினார். பிளேயின் பெயரைச் சொல்வதோடு நிற்கவில்லை. யார் எங்கே ஓடுவார்கள், முதலில் யாரைப் பார்க்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டே இருந்தார். பாடம் நடத்துகிற மாதிரி. லைன் போனதும் டாப்ஸ் தனியாள். கடைசியில் 28-24 என்று பின்தங்கியிருந்தபோது, நான்காவது டவுனில் (பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு முயற்சியில் கடைசி) எல்லாம் முடிந்தது என்று நினைத்த இடத்தில், பந்தை எடுத்துக்கொண்டு அவரே ஓடினார். 22 வினாடி மிச்சம் இருக்கும்போது எங்கள் அணியின் பிராண்டன் பவலுக்குப் புள்ளி தரும் டச்டவுன் பாஸ். 31-28, வெற்றி. பெரியவர் போன் செய்தார், இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை.

அடுத்த வாரம் நியூ ஆர்லியன்ஸையும் ஜெயித்தோம். பிறகு டென்வரிடம் ஒரு புள்ளியில் தோல்வி, சிகாகோவுக்கு எதிராக டாப்ஸ் நான்கு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்த பாஸ்), டிசம்பரில் உட்காரவைத்துவிட்டார்கள். ஏழு வெற்றி, பத்துத் தோல்வி என்று சீசன் முடிந்தது. "பாத்தீங்களா அண்ணா?" என்றார் தம்பி. பார்த்தேன். அப்போதும் அந்த டிரேடு சரி என்றே சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆறாவது சுற்றில் எடுக்கும் பையன்களில் பலர் ஓர் ஆட்டம்கூடத் தொடங்காமலே போய்விடுகிறார்கள். அந்த விலைக்கு நவம்பர் முழுக்க உயிரோடு இருந்தோம். தம்பி கேட்ட பையனும் கிடைத்தான்: 2024 டிராஃப்டில் பத்தாவது ஆளாகக் குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தியை எடுத்தார்கள்.

சரி, முதல் சுற்றுக் கதைக்கு வருகிறேன். இதுதான் வலிக்கிற கதை.

2016 ஆகஸ்ட் 30. யாரும் தொடாமலே, பயிற்சியில், அப்போதைய குவார்ட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டருக்கு முழங்கால் போனது. சீசன் தொடங்கப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நான்கே நாளில் பிலடெல்ஃபியா ஈகிள்ஸிடமிருந்து குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டை வாங்கினார்கள். அங்கே அவர் முதல் ஆள்தான். ஆனால் ஈகிள்ஸ் அந்த வருடமே இன்னொரு குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸை டிராஃப்டில் எடுத்திருந்ததால் அவர்களுக்கு விற்பதில் கஷ்டமில்லை. நாம் கொடுத்தது 2017-இன் முதல் சுற்று, அதோடு 2018-இல் நிபந்தனையோடு நான்காவது சுற்று. பதறிப்போய் வாங்கினால் விற்பவன் சொன்னதுதான் விலை.

பிராட்ஃபோர்ட் மேல் எனக்குக் குறையே இல்லை. அந்த வருடம் அவர் எறிந்த பாஸ்களில் 71.6 சதவீதம் போய்ச் சேர்ந்தது, அன்றைக்கு அது லீக் சாதனை. அணி 8-8. அடுத்த வருடம் முதல் ஆட்டத்தோடு அவருக்கும் முழங்கால் மக்கர் செய்தது. அப்புறம் எங்களைக் கரைசேர்த்தது யார்? பிக் எதுவும் கொடுக்காமல் ஒரு வருட ஒப்பந்தத்தில் சேர்த்திருந்த பேக்கப் கேஸ் கீனம்.

நாம் கொடுத்த அந்த முதல் சுற்று பிக் 14-ஆவது இடத்தில் விழுந்தது. ஈகிள்ஸ் அதில் டெரக் பார்னெட் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தது. 2018 ஜனவரி 21, பிலடெல்ஃபியா. ஜெயித்தால் சூப்பர் பவுல், அதுவும் எங்கள் ஊரிலேயே. 14-7 என்று பின்தங்கியிருந்தோம், சமன் செய்யும் தூரத்தில் இருந்தோம். கீனம் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டவர் பார்னெட். முடிவு 38-7.

இரண்டு வாரம் கழித்து மினியாபொலிஸில் சூப்பர் பவுல். எங்கள் ஸ்டேடியம், ஆடியது ஈகிள்ஸும் பேட்ரியட்ஸும். வென்ட்ஸுக்கு டிசம்பரில் முழங்கால் போயிருந்ததால் ஈகிள்ஸுக்கு ஆடியவர் பேக்கப் நிக் ஃபோல்ஸ். அந்த சீசனுக்கு அவரைத் திரும்பச் சேர்த்தபோது ஈகிள்ஸ் பிக் எதுவும் கொடுத்திருக்கவில்லை. கடைசி இரண்டு நிமிடச் சொச்சத்தில் ஈகிள்ஸின் பிராண்டன் கிரஹாம், பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் கையைத் தட்டிவிட, பந்து தரையில் குதித்து ஒருவர் கைக்குப் போனது. திரையில் பெயர் வருவதற்கு முன்பே பெரியவரிடமிருந்து என் போனுக்கு ஒரு வரி வந்தது: "பார்னெட். அது நம்ம பிக்."