கார் வரட்டும், முதலில் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: அல்சூரில் 1994-இல் கட்டிய சொந்த வீடு. கீழே நாங்கள், மாடியில் குடித்தனக்காரர்கள். அடுத்த மாதம் மின்சாரக் கார் வருகிறது. 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்ட வேண்டும் என்கிறான் மகன். கீசர் லைனிலிருந்தே ஒரு சாக்கெட் இழுத்துக்கொள்ளலாம் என்கிறார் கொழுந்தனார். எது சரி?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: இரண்டும் வேண்டாம், அம்மா.

கீசர் தண்ணீர் சுட்டதும் தானே நின்றுவிடும். கார் ஏறக்குறைய அதே 15 ஆம்பியரை மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். பழைய சாக்கெட்டில் ஒரு திருகு சற்றே தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடேறும். சூட்டில் திருகு மேலும் தளரும். சந்தேகமிருந்தால், சுவிட்சை அணைத்துவிட்டு உங்கள் கீசர் பிளக்கை உருவிப் பாருங்கள். ஒரு கால் மட்டும் பழுப்பேறி, சாக்கெட் துளையின் ஓரம் கருகியிருந்தால், கொழுந்தனாரை அழைத்துக் காட்டுங்கள். வேறு வாதம் தேவைப்படாது.

மகன் கேட்கும் 7.2 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். பெஸ்காம் (பெங்களூரு மின் வினியோக நிறுவனம்) பில்லில் வீட்டுக்கு அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்று போட்டிருக்கும். அது மூன்றோ நான்கோ என்றால், லைசென்ஸ் உள்ள ஒப்பந்தக்காரர் மூலம் கூட்டி வாங்காமல் பெரிய சார்ஜரை மாட்டக் கூடாது. கூட்டினால் மாதாமாதம் நிலைக் கட்டணமும் ஏறும். தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டினால் காருக்கு ஆறேழு யூனிட் போதும், 3.3 கிலோவாட் சார்ஜர் அதை இரண்டரை மணி நேரத்தில் ஏற்றிவிடும். பெங்களூரு நெரிசலில் அதற்கு மேல் எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

ஆனால் கம்பியில் சிக்கனம் பார்க்காதீர்கள். மீட்டர் பலகையிலிருந்து கார் நிற்கும் இடம் வரை 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைத் தனி லைனாக இழுங்கள். தூரம் அதிகமென்றால் 10. அதற்கென்று, லோடு மீறினால் தானே அணையும் எம்.சி.பி. ஒன்றும், மின்சாரம் கசிந்தால் தானே அணையும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் தனியாக வேண்டும். ஆர்.சி.சி.பி. 'ஏ' வகையாவது இருக்கட்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 'ஏ.சி.' வகை காருக்கு உதவாது. நாளைக்குப் பெரிய சார்ஜர் வந்தாலும் சுவரை உடைக்க வேண்டியிருக்காது. சம்ப் மோட்டாரை இந்த லைனில் சேர்க்க விடாதீர்கள்.

எனக்கு உண்மையான கவலை எர்த். அந்தக் காலத்தில் புதைத்த இரும்புக் குழாய் இந்நேரம் துருப்பிடித்து அரித்திருக்கும். இந்த ஊர் பாறை நிலம் வேறு. மார்ச், ஏப்ரலில் மண் வறண்டால் எர்த்தின் மின்தடை ஏறிவிடும். மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஐந்து ஓமுக்குக் கீழே வரவில்லையென்றால் புதுக் குழி தோண்டுங்கள், கோடையில் அதில் தண்ணீர் ஊற்றுங்கள்.

எர்த் சரியில்லையென்றால் பல சார்ஜர்கள் வேலை செய்ய மறுக்கும். அப்போது சில எலக்ட்ரீசியன்கள் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு, 'சரியாகிவிட்டது, மேடம்' என்பார்கள். சார்ஜரும் ஏமாந்து வேலை செய்யும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். சாக்கெட்டை மூடுமுன் உள்ளே காட்டச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. தானாக அணைந்துவிடுகிறது. அதைக் கழற்றிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீசியன். செய்யலாமா?
- வாசகர், ஜெயநகர்

பதில்: ஆளை மாற்றுங்கள். எங்கோ ஈரத்தில் மின்சாரம் கசிகிறது. அதைத்தான் அது சொல்கிறது. எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது மட்டும் போதாது, அவை துண்டிக்காத நியூட்ரல் கம்பியிலும் கசிவு இருக்கலாம். முதலில் மெயினை அணைத்துவிட்டு கேட் விளக்கையும் மொட்டைமாடி சாக்கெட்டையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் பாதிக் கசிவு அங்கேதான், எறும்புக் கூட்டோடு.