ஐரிஷ் பசுமைக் கட்சித் தலைவராக இருந்த ஏமன் ரையனின் அரசியல் வாழ்க்கை வெற்றியா, தோல்வியா?

தேர்தல் கணக்கை மட்டும் பார்த்தால் படுதோல்விதான். இரண்டு முறை கூட்டணி ஆட்சியில் அமைச்சராக இருந்தார். இரண்டு முறையும் அடுத்து வந்த தேர்தல் அவர் கட்சியைத் துடைத்துப் போட்டது. 2011இல் ஆறு இடம் பூஜ்யமானது, 2024இல் பன்னிரண்டு ஒன்றானது. ஆனால் சில வருடங்களாக டப்ளினில் பஸ்ஸிலும் டிராமிலும் வேலைக்குப் போய்வருகிறவன் நான். என்னிடம் இன்னொரு கணக்கும் இருக்கிறது.

மனிதர் அரசியலுக்கு வந்ததே சைக்கிளில்தான். 1989இல் சுற்றுலாப் பயணிகளை சைக்கிளிலேயே அயர்லாந்து முழுக்கக் கூட்டிப்போகும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். நகரச் சாலைகளில் சைக்கிளுக்கு இடம் கேட்டுப் போராடிய டப்ளின் அமைப்பிலும் முன்னால் நின்றார். 1998இல் மாநகராட்சி உறுப்பினர், 2002இல் டாயில் என்கிற நாடாளுமன்றக் கீழவையின் உறுப்பினர். 2007இல் பசுமைக் கட்சி ஃபியானா ஃபாயில் என்கிற பெரிய கட்சியோடு கூட்டணி சேர்ந்தபோது எரிசக்தி, தொலைத்தொடர்பு அமைச்சர் ஆனார்.

சேர்ந்த நேரம் சரியில்லை. அடுத்த வருடமே வங்கிகள் கவிழத் தொடங்கின. 2008 செப்டம்பரில் அரசு வங்கிகளின் கடனுக்கெல்லாம் உத்தரவாதம் கொடுத்தது. 2010 முடிவதற்குள் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் கைநீட்ட வேண்டி வந்தது. 85 பில்லியன் யூரோ திட்டம் அது. வீட்டுக் கடனில் மூழ்கியவர்களுக்கு, காற்றாலை பற்றிப் பேசிக்கொண்டிருந்த அமைச்சரைப் பார்த்தால் என்ன தோன்றும்? 2011 பிப்ரவரியில் கட்சிக்குக் கிடைத்தது 1.8 சதவீதம். இரண்டு சதவீதத்துக்குக் கீழே போனால் கட்சிக்கான அரசு நிதியும் கிடையாது. காசில்லை, டாயிலில் ஆளில்லை. அந்தக் கட்சிக்குத்தான் சில மாதங்களில் ரையன் தலைவர் ஆனார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்த ஐந்து வருடம்தான். 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் கொஞ்ச வாக்கில் தோற்றார். அப்போதே மூட்டை கட்டியிருக்கலாம். 2016இல் அதே கட்சியின் கேத்தரின் மார்ட்டினும் அவரும் ஜெயித்து இரண்டு பேராக உள்ளே வந்தார்கள். 2020இல் அந்த இரண்டு பன்னிரண்டு ஆனது. கட்சி வரலாற்றிலேயே அதுதான் அதிகம்.

அப்புறம் மறுபடியும் கூட்டணி. இந்த முறை ஃபியானா ஃபாயில், ஃபினா கேல் என இரண்டு பெரிய கட்சிகளோடும். கட்சிக்குள்ளேயே பலருக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வருடத் தலைமைத் தேர்தலில் அதே மார்ட்டினிடம் வெறும் 48 வாக்கில்தான் தப்பித்தார். 2011 எப்படி முடிந்தது என்பது அவரை விட வேறு யாருக்குத் தெரியும்? தெரிந்தேதான் போனார். சுற்றுச்சூழல், காலநிலை, தகவல் தொடர்பு, போக்குவரத்து எல்லாவற்றையும் ஒரே ஆளாகக் கையில் வாங்கிக்கொண்டார்.

உருப்படியாக என்ன நடந்தது என்றால், 2021 காலநிலைச் சட்டம். 2018 அளவோடு ஒப்பிட்டு 2030க்குள் பசுமைக்குடில் வாயு உமிழ்வை 51 சதவீதம் குறைக்க வேண்டும், 2050க்குள் நிகர பூஜ்யம். ஐந்தைந்து வருடத்துக்கு 'கார்பன் பட்ஜெட்', அதாவது எவ்வளவு உமிழலாம் என்ற உச்சவரம்பு. கடலில் புதிதாக எண்ணெய், எரிவாயு தேட உரிமம் கொடுப்பதும் நின்றது. 2022இல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில், பாதிக்கப்பட்ட ஏழை நாடுகளுக்கான இழப்பு நிதி பற்றி ஐரோப்பிய ஒன்றியத்தின் சார்பில் பேசியவர்களில் முக்கியமானவர் இவர்.

என் பர்ஸுக்குத் தெரிந்தது வேறு. நான் வந்த புதிதில் பஸ்ஸில் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம், இறங்கி லுவாஸ் டிராம் ஏறினால் திரும்பவும் காசு. 2022 மே மாதம் முதல் கார்டு தட்டினால் 2 யூரோ, 90 நிமிடத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் அதே 2 யூரோ. அப்போது 19 முதல் 23 வயது வரை இருந்தவர்களுக்கு அதிலும் பாதி. இந்த ஊரில் எதுவுமே விலை குறைந்து நான் பார்த்ததில்லை. இது ஒன்று குறைந்தது.

சரி, இவ்வளவு செய்தவரை ஏன் இத்தனை பேர் திட்டினார்கள்? பாதிக் காரணம் அவர் வாய். கோவிட் தொடக்கத்தில், ஜன்னலோரத்தில் சாலட் கீரை வளர்க்கலாம் என்று டாயிலிலேயே சொன்னார். நாடே சிரித்தது. (எங்கள் வீட்டு ஜன்னலில் எப்போதும் கொத்தமல்லித் தொட்டி இருப்பதால் எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை.) ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றார். கிராமத்தில் முந்நூறு பேருக்கு முப்பது கார் போதும், பகிர்ந்து ஓட்டலாம் என்றார். பஸ் எட்டிப்பார்க்காத ஊர்க்காரனிடம் பேசுகிற பேச்சா இது? போதாக்குறைக்கு 2020 ஜூலையில் டாயிலில் வாக்கெடுப்பின்போது தூங்கிப்போய், பக்கத்தில் இருந்தவர் எழுப்ப வேண்டியதாயிற்று.

மீதிப் பாதிக்கு டர்ஃப் கதை. சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல் செங்கலாக வெட்டி, காயவைத்து, குளிர்காலத்தில் எரிப்பார்கள். நடு அயர்லாந்திலும் மேற்கிலும் பரம்பரையாக வெட்டும் உரிமை உள்ள குடும்பங்கள் உண்டு. அந்தப் புகை வாசனைதான் அவர்களுக்கு வீடு. நுரையீரலுக்கு அது விஷம் என்பதும் உண்மை. 2022இல் டர்ஃப் விற்பனையைத் தடுக்கப் போகிறேன் என்று ரையன் கிளம்பியதும் கூட்டணிக் கட்சி உறுப்பினர்களே பாய்ந்தார்கள். எரிவாயு விலை ஏறிக்கொண்டிருந்த வருடம் வேறு. கடைசியில், கடையிலும் இணையத்திலும் விற்கக் கூடாது, உரிமை உள்ளவர்கள் வெட்டலாம், அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம் என்று பாதி வழியில் நின்றது. டப்ளினில் புகைக்கும் நிலக்கரி விற்பனையை 1990இல் தடுத்தவர் அப்போது இணை அமைச்சராக இருந்த மேரி ஹார்னி. பசுமைக் கட்சிக்காரர் அல்ல. இன்று அவரைப் பாராட்டாதவர் இல்லை. அவர் தடுத்தது நகரத்துப் புகையை. ரையன் டப்ளினின் வசதியான தொகுதி ஒன்றிலிருந்து கிராமத்து அடுப்பில் கைவைத்தார். நியாயம் அவர் பக்கம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அதை எடுத்துச் சொல்ல ஒரு கிராமத்துக்காரரை முன்னால் நிறுத்தும் சாமர்த்தியம் அவரிடம் இல்லை.

இங்கே குடியுரிமை இல்லாதவர்களும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். 2024 ஜூனில் நானும் போனேன். விருப்ப வரிசையில் எண் போடும் முறை. பசுமைக் கட்சி வேட்பாளருக்கு 1 போட்டேன். நாடு முழுக்க அந்தக் கட்சி ஏறக்குறைய பாதி இடங்களை இழந்தது. ஜூன் 18 அன்று ரையன் தலைமையிலிருந்து விலகுவதாக அறிவித்தார், பொதுத்தேர்தலிலும் நிற்கவில்லை. மூன்று வாரம் கழித்து, 2023இல் அயர்லாந்தின் உமிழ்வு 6.8 சதவீதம் குறைந்தது என்று அரசு முகமையின் கணக்கு வெளிவந்தது. நவம்பரில் ஊரெல்லாம் தேர்தல் சுவரொட்டி. ஒன்றில்கூட அந்த எண்ணை நான் பார்க்கவில்லை.