குளிர்காலத்தில் ஹால்சாண்ட்ஸ் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகன் இங்கிலாந்தில் பிளிமத்தில் வேலை பார்க்கிறான். டிசம்பரில் அவனிடம் போகிறோம். டெவன் கடற்கரை பற்றி நீங்கள் எழுதியதில் ஹால்சாண்ட்ஸ் என்ற பெயர் ஒரு வரியில் வந்தது. மகனைக் கேட்டேன். "கடல் கொண்டுபோன மீனவ ஊர், நாலு குட்டிச்சுவர்தான் இருக்கு, குளிர்ல எதுக்கு?" என்கிறான். போகலாமா?

கே., தூத்துக்குடி

அன்புள்ள கே.,

டிசம்பரிலேயே போங்கள். கோடையில் அந்தக் கரை பரம சாது. இந்தக் கடலா ஊரை அழித்தது என்று சந்தேகம் வந்துவிடும்.

அந்தப் பக்கம் பெருங்காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஹால்சாண்ட்ஸ் கிழக்கு பார்த்த ஊர். பின்னால் குன்று, தெற்கே கடலுக்குள் நீளும் ஸ்டார்ட் முனை. அந்த மறைப்பை நம்பித்தான் நண்டு பிடிப்பவர்கள் அலைக்கு அத்தனை பக்கத்தில், பாறை விளிம்பில் வீடு கட்டினார்கள். குளிர்காலத்தில் எப்போதாவது வரும் கிழக்குக் காற்றுதான் எமன். அதற்கும் காவல் இருந்தது: வீடுகளுக்கு முன்னால் அகலமான கூழாங்கல் கரை.

அந்தக் காவலைத்தான் அள்ளினார்கள். டெவன்போர்ட் கடற்படைத் தளத்தை விரிவாக்கக் கான்கிரீட்டுக்குக் கல் தேவைப்பட்டது. 1897-ல் ஊருக்கு முன்னால் தோண்ட ஆரம்பித்தார்கள். பள்ளத்தைக் கடலே நிரப்பிவிடும் என்று கணக்கு. நிரம்பவில்லை. பனியுகத்துக்குப் பின் கடல் மட்டம் ஏறியபோது வந்து சேர்ந்த பழைய கல் அது; எடுத்தால் எடுத்ததுதான். சுமார் ஆறரை லட்சம் டன் போயிற்று என்கிறார்கள். ஊரார் விடாமல் எதிர்த்ததில் 1902-ல் உரிமம் ரத்தானது. அதற்குள் கரை பல அடி தாழ்ந்துவிட்டது.

1917 ஜனவரி 26 இரவு கிழக்குக் காற்றும் உயர் ஓதமும் சேர்ந்து வந்தன. புயல் ஓய்ந்தபோது குடியிருக்கும்படி மிஞ்சியது ஒரே வீடு. ஒருவர்கூடச் சாகவில்லை என்பதை இன்னும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. அந்த ஒற்றை வீட்டில் எலிசபெத் பிரெட்டிஜான் என்ற பெண்மணி 1964-ல் இறக்கும்வரை இருந்தார்.

கடல் கொண்டுபோனது என்று மகன் சொல்வது கடைசி இரவுக்கு மட்டும் பொருந்தும். டெவன்போர்ட் வேறெங்கோ இல்லை, அவர் வேலை பார்க்கும் பிளிமத்தில்தான் இருக்கிறது. அதையும் சொல்லுங்கள்.

சரி, நடைக்கு வருவோம். பீசாண்ட்ஸில் வண்டியை விட்டுவிட்டுக் குன்றுப் பாதையில் தெற்கே நடங்கள். கோடையில் பாதையோரம் மண்டும் பெரணிப் புதர் அப்போது காய்ந்து சாய்ந்திருக்கும். கரை நன்றாகத் தெரியும். இடிபாடுகளுக்குள் இறங்க அனுமதி கிடையாது, மேலிருந்து பார்க்கலாம். மண் சரிந்து பாதையை மூடுவதும் உண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மேற்கே குன்று இருப்பதால் வெயில் அதற்கு முன்பே போய்விடும். அதனால் காலையிலேயே கிளம்புங்கள். அப்புறம், சேறு வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ இல்லாமல் போகவேண்டாம்.