நடுவானில் அணைந்த ஒளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பார்த்தோம். தலைக்கு மேலே வந்து கிழக்கே இறங்கும்போது பாதி வானத்திலேயே அணைந்துவிட்டது. மேகமே இல்லை. வியாழக்கிழமை, பத்து நாளுக்கு முன்பு ஆப்பைப் பார்த்துக் குறித்துவைத்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்தியே வந்துவிட்டது. என் மகன் படியேறி வருவதற்குள் உச்சியைத் தாண்டிவிட்டது. துல்லியமான கணக்கு என்கிறார்களே, ஏன் இப்படி?

எம்., தென்காசி

அன்புள்ள எம்.,

அது அணைந்ததும் கணக்கில் உள்ளதுதான். நாம் காண்பது அதன் மேல் படும் வெயிலை. நமக்கு இருட்டியிருக்க வேண்டும், சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு வெயில் இருக்க வேண்டும். சாயங்காலம் பூமியின் நிழல் கிழக்கிலிருந்து எழும்பும். நிலையம் அதற்குள் நுழைந்ததும் மறைந்துவிடும். பைனாகுலர் கிடைத்தால் அந்தக் கடைசி வினாடிகளைப் பாருங்கள். வெள்ளை மஞ்சளாகி, செம்மை தட்டி, மங்கும். அங்கே சூரியன் அஸ்தமிக்கிறது! ஒரு நாளில் அதற்குப் பதினைந்து, பதினாறு அஸ்தமனம். அதில் ஒன்றை நீங்கள் உங்கள் மாடியிலிருந்தே பார்த்திருக்கிறீர்கள்.

சரி, அந்த ஒரு நிமிடம். ஒவ்வொரு செயற்கைக்கோளின் பாதையையும் அளந்து இரண்டு வரி எண்களாக வெளியிடுகிறார்கள். ஆப் அதை எடுத்து, உங்கள் ஊரின் இருப்பிடத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுகிறது. அந்த எண்கள் சீக்கிரம் பழசாகிவிடும். அவ்வளவு உயரத்திலும் கொஞ்சம் காற்று இருக்கிறது. காற்று உரசினால் தாமதமாகத்தானே வர வேண்டும்? நடப்பது நேர்மாறு. உரசலில் நிலையம் தாழ்கிறது, பாதை சிறிதாகிறது, தாழ்ந்த பாதையில் வேகமும் கூடுகிறது. கணித்ததைவிடச் சுற்றுக்கு 0.4 வினாடி முந்தினால் போதும். பத்து நாளில் சுமார் 155 சுற்று, உங்கள் ஒரு நிமிடம் வந்துவிட்டது.

காற்று எவ்வளவு உரசும் என்பது சூரியனைப் பொறுத்தது. சூரியன் கொந்தளித்தால் மேல்வளி சூடாகி உப்பிவிடும். அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் எதிர்பார்த்ததற்கு முன்பே, 1979 ஜூலை 11 அன்று விழுந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். நம் தலையில் விழுமோ என்று அன்று ஊரே பயந்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மிச்சத் துண்டுகள் ஆஸ்திரேலியாவில் விழுந்தன. அப்புறம், எஞ்சினை இயக்கி சர்வதேச நிலையத்தை அவ்வப்போது மேலே ஏற்றுவார்கள். அப்போது பழைய கணக்குக்குப் பிந்தி வரும்.

அதனால் பார்க்கப்போகும் அன்றே நேரத்தைப் புதிதாக எடுங்கள். சில வாரங்களில் காட்சி விடியற்காலைக்கு மாறும். அப்போது நிழலிலிருந்து வெளியே வரும், மேற்கு வானத்தின் நடுவில் திடீரென்று முளைக்கும். மகனை எழுப்பிவிடுங்கள்.