பில் திரைக்கு ஒரு நிமிடம்: இன்டெக்ஸ் மேல் குற்றமில்லை

கேள்வி: எங்கள் டேட்டாபேஸ் மும்பையில் ஒரு கிளவுடு சர்வரில், போஸ்ட்கிரஸில் இருக்கிறது. வால்பாறை, கூடலூர் கிளைகளில் உள்ள ஜாவா பில்லிங் மென்பொருள் 4ஜி வழியாக நேரடியாக அதனுடன் இணைகிறது. சில நாள் பில் திரை சட்டென்று வரும், சில நாள் ஒரு நிமிடம் இழுக்கும். தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் எல்லாம் போட்டாயிற்று. குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓடும் நேரத்தை அளக்கும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளை 3 மில்லிவினாடி என்றுதான் காட்டுகிறது. இனி எதைச் சரிசெய்வது?

பதில்: எக்ஸ்பிளெயின் அனலைஸ் காட்டும் கணக்கில் நெட்வொர்க் நேரம் சேராது. முடிவுகளை அது கிளைக்கு அனுப்புவதே இல்லை. ஆகவே இன்டெக்ஸை விட்டுவிட்டு, ஒரு திரை திறக்க மென்பொருள் எத்தனை முறை சர்வருக்குப் போய்வருகிறது என்று எண்ணுங்கள். பில்லிங் யூசருக்கு மட்டும், வரும் கட்டளைகளைப் பதிவுசெய்யும் லாக்_ஸ்டேட்மென்ட் அமைப்பை ‘ஆல்’ என்று சற்று நேரம் வைத்தால் லாக் கோப்பிலேயே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் கிடைக்கும் விடை இதுதான்: பட்டியலுக்கு ஒரு செலக்ட் (தகவல் கேட்கும் கட்டளை), பிறகு 200 பொருளுக்கும் இருப்பு பார்க்கத் தனித்தனி செலக்ட். மொத்தம் 201 பயணம். போய்வர 80 மில்லிவினாடி என்றால் 16 வினாடி. மழை நாளில் அதுவே 300 ஆனால் ஒரு நிமிடம். இதற்கு அதிக வேக பிளான் வாங்கிப் பயனில்லை. ஒவ்வொரு பயணத்திலும் போவது சில நூறு பைட்தான், செலவாவது காத்திருப்பு.

பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) தொலைந்தால் இன்னும் மோசம். பெரிய கோப்பு இறங்கும்போது ஒரு பாக்கெட் தொலைந்தால், பின்னால் வரும் பாக்கெட்டுகளை வைத்து டிசிபி (தொலைந்ததை மறுபடி அனுப்பும் நெட்வொர்க் நெறிமுறை) அதை உடனே கண்டுபிடித்துவிடும். ஒற்றைக் கேள்வி, ஒற்றைப் பதில் என்று போகும்போது பின்னால் வர எதுவும் இல்லை. அப்போது டைமர் முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். லினக்ஸில் அந்த டைமரின் கீழ் வரம்பு இயல்பாக 200 மில்லிவினாடி. மறுபடியும் தொலைந்தால் இரட்டிப்பாகும். உங்கள் ‘சில நாள்’ இங்கிருந்துதான் வருகிறது.

எனவே ஐடிகளை ஒரே அர்ரேயாகக் கொடுத்து ஒரே செலக்ட்டில் இருப்பு முழுவதையும் வாங்குங்கள். பில் வரிகளை பேட்ச்சாக, அதாவது மொத்தமாக எழுதுங்கள். ஜேடிபிசியில் (ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவர்) ‘ரீரைட்பேட்ச்டுஇன்சர்ட்ஸ்’ அமைப்பை இயக்கினால் பல இன்சர்ட்கள் (தகவல் சேர்க்கும் கட்டளைகள்) ஒன்றாகச் சேரும். கனெக்ஷனை ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்காமல், திறந்தபடியே பூலில் வைத்து மறுபடி பயன்படுத்துங்கள். பொருள் பெயர், வரி விகிதம் போன்ற அரிதாக மாறுபவை கிளைக் கணினியிலேயே இருக்கட்டும்.

வேகத்தைவிட எனக்குக் கவலை தருவது கமிட், அதாவது ‘பதிவை உறுதிசெய்’ என்ற கட்டளை. கமிட் கட்டளை போன பிறகு, பதில் வருமுன் லைன் அறுந்தால், பில் பதிவானதா என்று கிளைக்குத் தெரியாது. மறுபடி அழுத்தினால் இரட்டை பில் விழும். பில்லுக்கான யூயூஐடியை (வேறெதோடும் மோதாத அடையாள எண்) கிளையிலேயே உருவாக்கி, அது இருமுறை பதிவாகாதபடி யூனிக் கட்டுப்பாடு வைத்து, ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்’ (ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் செய்யாதே) என்று எழுதுங்கள். பில் வரிகளும் அதே டிரான்சாக்ஷனில் (முழுதும் பதிவாகும், அல்லது எதுவுமே பதிவாகாத ஒரே தொகுப்பு) அதே முறையில் போகட்டும். பிறகு எத்தனை முறை மறுமுயற்சி செய்தாலும் பில் ஒன்றுதான்.

டிரான்சாக்ஷன் பாதியில் லைன் போனால் இன்னொரு சிக்கல்: சும்மா இருக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கீப்அலைவ் சோதனை, லினக்ஸில் இயல்பாக 7200 வினாடி கழித்துத்தான் தொடங்கும். அதாவது இணைப்பு அறுந்த கிளை போட்ட பூட்டை (லாக்) சர்வர் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் பிடித்துக்கொண்டிருக்கலாம். மற்ற கிளைகள் நிற்கும். டிசிபி_கீப்அலைவ்ஸ்_ஐடில் அமைப்பை 60 ஆக்குங்கள்; டிரான்சாக்ஷன் நடுவில் சும்மா நிற்கும் இணைப்பைத் துண்டிக்கும் ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட்டையும் 30 வினாடி அளவில் வையுங்கள்.

இவையெல்லாம் வைத்தியம்தான். என்னைக் கேட்டால், அடுத்த பதிப்பில் கிளைகள் டேட்டாபேஸை நேரடியாகத் தொடவே கூடாது. மும்பையில் டேட்டாபேஸ் பக்கத்திலேயே ஒரு சிறு ஏபிஐ சர்வர் (கிளையின் கோரிக்கையை வாங்கி டேட்டாபேஸிடம் பேசும் இடைச் சர்வர்) வையுங்கள். 201 குவெரி தேவைப்பட்டாலும் அவை அங்கேயே, ஒரு மில்லிவினாடி தூரத்தில் நடக்கும். மலைக்கு வருவது ஒரே பதில். டேட்டாபேஸ் போர்ட்டை இணையத்தில் திறந்துவைக்கும் ஆபத்தும் ஒழியும்.

எதை மாற்றினாலும் அலுவலக லேனில் சோதித்துத் திருப்தி அடையாதீர்கள். சோதனை லினக்ஸ் கணினியில் ‘டிசி’ கட்டளையின் நெட்எம் (மோசமான நெட்வொர்க்கைப் போலச் செய்துகாட்டும் வசதி) மூலம் 300 மில்லிவினாடி தாமதமும் 2 சதவீத பாக்கெட் இழப்பும் வைத்து, பில் போட்டுப் பாருங்கள். நடுவில் கேபிளைப் பிடுங்கியும் பாருங்கள்.