கணக்கு எழுதிய கை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எனக்கு 44 வயது. 21 வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை. சின்ன வயதிலேயே வரலாறு படிக்க ஆசை, பிழைப்புக்கு ஆகாது என்று சொல்லி வணிகவியலில் சேர்த்துவிட்டார்கள். இப்போது வரலாற்றில் பட்டம் படிக்கலாம் என்றிருக்கிறேன். பெயர்பெற்ற கல்லூரி ஒன்றில் பகல் வகுப்பு இருக்கிறது, யாரும் அதிகம் கேள்விப்படாத கல்லூரி ஒன்றில் மாலை வகுப்பு. இரண்டும் ஒத்துவராவிட்டால் தொலைநிலைக் கல்வி. எதில் சேரலாம்? ஞாபக சக்தி குறைந்துவிட்டது, ஆண்டுகளெல்லாம் மனதில் நிற்குமா? பிள்ளைகள் என்னை ஆசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றால் என்ன செய்வது? கணக்கெழுதியே 21 வருடத்தை வீணாக்கிவிட்டேன் என்கிற வருத்தம் வேறு.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

எழுந்து நின்றால் உட்காரச் சொல்லுங்கள். பத்து நாளில் உங்களிடமே நோட்ஸ் கேட்டு வருவார்கள். ஞாபக சக்தி பற்றிய பயமும் தேவையில்லாதது. போன வருடம் எந்த பில் எந்த மாதம் வரை நிலுவையில் நின்றது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வீர்கள்தானே? அதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை, புழங்குவதால் நிற்கிறது. ஆண்டுகளும் அப்படித்தான்.

ஆனால் அந்தக் கடைசி வரி! கணக்கெழுதி வீணாக்கிவிட்டேனாம். நான் ஒரு மாதமாக ஆட்டுக் கணக்கு படித்துக்கொண்டிருக்கிறேன், அந்த நேரம் பார்த்து இந்தக் கடிதம் வருகிறது. கோபம் வராமல் என்ன செய்யும்?

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில், பழங்கால அரண்மனை இருந்த க்னோசஸ் என்ற இடத்தில் 1900இல் தோண்டத் தொடங்கினார்கள். அரண்மனை எரிந்தபோது அதோடு வெந்து கெட்டிப்பட்டதால் தப்பிய களிமண் பலகைகள் நிறையக் கிடைத்தன. லீனியர் பி என்று பெயர் வைத்த அந்த எழுத்தை ஐம்பது வருடம் யாராலும் படிக்க முடியவில்லை. 1952இல் படித்துக் காட்டியவர் மைக்கேல் வென்ட்ரிஸ், தொழிலால் கட்டிடக் கலைஞர், பதினான்கு வயதில் அந்தப் பலகைகளைப் பற்றி ஓர் உரை கேட்டதிலிருந்து விடாமல் மல்லுக்கட்டியவர். (பட்டத்துக்கு வயதாகிவிட்டது என்பவர்களிடம் வெளி ஆட்களின் கதையாக இதைச் சொல்வதுண்டு. நான் சொல்ல வந்தது அது இல்லை.) படித்துப் பார்த்தால் உள்ளே காவியமும் இல்லை, அரசர்களின் வீரப்பிரதாபமும் இல்லை. ஆடு, கம்பளி, எண்ணெய், தேர்ச்சக்கரம். முழுக்க முழுக்க ஸ்டாக் ரிஜிஸ்டர்.

அந்த ஆட்டுப் பலகைகளில் ஒரு விசித்திரம். மேய்ப்பன் பெயர், ஊர், இருக்கும் ஆடு இத்தனை, வரவேண்டியது இத்தனை. இரண்டையும் கூட்டினால் பல பலகைகளில் நூறு, இருநூறு என்று முழு எண் வந்து நிற்கிறது. வரியாகக் கட்டிய ஆடு என்றார்கள் சிலர். 1960களில் ஜான் கில்லன் என்ற ஆய்வாளர் அந்த எண்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்துப் பார்த்து, இது கம்பளிக்காக அரண்மனை வைத்திருந்த மந்தைகளின் கணக்கு என்று காட்டினார். மந்தைக்கு இத்தனை தலை என்று ஏட்டில் ஓர் எண், கையில் இருப்பது குறைவு, குறைவதை நிலுவையாகக் காட்டியிருக்கிறார்கள். அது சரியென்றே இன்று பெரும்பாலும் ஏற்கிறார்கள். இதை உங்களிடம் முதல் நாளே நீட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "ஷார்ட்டேஜ் காட்டியிருக்கான் சார்" என்றுதானே?

என் வகுப்பிலும் உங்களைப் போல ஒருவர் இருந்தார். ஐம்பது தாண்டியவர், மண்டிக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். நாங்கள் இருபது வயதுக்காரர்கள், அவரை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை, அதை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஒருமுறை ஆவணக் காப்பகத்தில் ஒரு பழைய நாளேட்டைக் கொடுத்து, அதிலிருந்து ஒரு மாத விற்பனையைப் பட்டியல் போடச் சொன்னார்கள். நாங்கள் மும்முரமாக எண்களைப் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தோம். அவர் எழுதவே இல்லை. பக்கத்தைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "தம்பி, முப்பது நாளும் ஒரே மை, ஒரே சாய்வு. தினசரி எழுதினால் ஒருநாள் பேனா கக்கும், ஒருநாள் கை அவசரப்படும். இது யாரோ கேட்டதும் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதின ஏடு." பேராசிரியர் எழுந்து வந்து அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். எங்கள் பட்டியல் அப்படியே பாதியில் நின்றது.

உங்கள் 21 வருடம் இதுதான், ஐயா. எந்த வவுச்சர் பின்னால் சொருகியது, எந்தக் கூட்டல் முதலில் விடையை வைத்துக்கொண்டு போட்டது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும். வரலாற்று மாணவனுக்கு மூல ஆவணத்தைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுப்பதற்குள் வாத்தியார்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. நீங்கள் அதைக் கையோடு கொண்டுபோகிறீர்கள், போகும்போதே மன்னிப்பும் கேட்டுக்கொண்டு!

ஆகவே கல்லூரிப் பெயரை விடுங்கள். தரவரிசையை எதை வைத்துப் போட்டாலும், உங்கள் கட்டுரையை யார் திருத்துவார் என்பது அதில் இருக்காது. இரண்டு கல்லூரியிலும் இறுதியாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, கடைசியாக அவர் எழுதிக் கொடுத்துத் திரும்பி வந்த கட்டுரையைக் காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் ஆசிரியர் கையெழுத்து இருக்கிறதா? 'இந்தத் தகவல் எங்கிருந்து?' 'இவர் சொன்னதை ஏன் நம்பினாய்?' என்று கிறுக்கியிருக்கிறதா? அல்லது மேலே மதிப்பெண்ணும் கீழே ஒரு டிக்கும் மட்டும்தானா? பாடத்திட்டத்தில் பொருளாதார வரலாறு இருக்கிறதா, ஆய்வேடு உண்டா, அதற்கு மூல ஆவணம் பார்த்தே ஆகவேண்டுமா என்றும் கேளுங்கள். தொலைநிலையைக் குறை சொல்ல மாட்டேன், விடாமல் திருத்தி அனுப்பும் ஆசிரியர்கள் அங்கேயும் உண்டு, அதே சோதனையை அங்கேயும் வையுங்கள். பிற்பாடு மேற்படிப்பு, ஆசிரியர் வேலை என்று எண்ணமிருந்தால் பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இதை ஒரு கணக்கருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

எதில் சேரலாம் என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? வேலையை விடமுடியாது என்பது நீங்கள் சொல்லாமலே தெரிகிறது, அதனால் மாலை வகுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் கட்டுரையை வாங்கிப் பாருங்கள். பார்த்துவிட்டு, ஓரத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு ஒரு வரி போடுங்கள்.